அடிக்கடி என்கிட்ட கேக்கற கேள்விகள்: ஃபோன், பாட்டு, மேட்ச்

ஊர்ல இருக்கற தம்பி தங்கச்சிங்க, ஆபீஸ்ல புதுசா சேந்த பசங்க, ரூம்மேட்டுன்னு எல்லாரும் மாத்தி மாத்தி ஒரே கேள்வியத்தான் கேக்கறாங்க, நானும் அதே பதில சொல்லி சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன். இனிமே யாராச்சும் கேட்டா இத அனுப்பிட்டு என் வேலைய பாப்பேன். எல்லாம் என் சொந்தக் கருத்துதான், ஒத்துவரலன்னா தள்ளிவிட்டுட்டு போயிட்டே இருங்க.

கே: முதல்ல நீ யாரு, இதெல்லாம் சொல்றதுக்கு?

யாருமில்ல. வயசு 27, சொந்த ஊரு கும்பகோணம், மாம்பலத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஜிஎஸ்டி வேலை, ரூம் குரோம்பேட்டைல. நாள் பூரா வாட்ஸ்அப்ல கிளையண்ட்டுங்களோட மல்லுக்கட்டறதுதான் பொழப்பு, அதனால மெசேஜ் விஷயத்துல எனக்கு வயித்தெரிச்சல் கொஞ்சம் ஜாஸ்தி. பாட்டு வீட்டுலயே இருந்துச்சு, சித்தப்பா மிருதங்கம் வாசிக்கறாரு. கிரிக்கெட் அப்பாகிட்டேருந்து ஒட்டிக்கிச்சு.

கே: 'ஹாய்'னு போட்டா ஏன்க்கா பதிலே போட மாட்டேங்கற?

ஹாய்க்கு என்னத்த பதில் போடறது? வாசல்ல நின்னு "யாரும்மா வீட்டுல"ன்னு கூப்பிட்டுட்டு, நான் அடுப்ப அணைச்சுட்டு கைய தொடச்சுகிட்டு வந்து பாத்தா ஆளக் காணோம்னா எப்படி இருக்கும், அப்படி இருக்கு. எங்க வேலைல மாசாமாசம் 11ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர் 1, 20ம் தேதிக்குள்ள 3பின்னு ரெண்டு ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஃபைல் பண்ணணும். 20 தாண்டிச்சுன்னா ஒரு நாளைக்கு 50 ரூபா லேட் ஃபீஸ், வரி பாக்கி இருந்தா அதுக்கு 18 சதவீதம் வட்டி வேற. இது எல்லா கிளையண்ட்டுக்கும் தெரியும். தெரிஞ்சும் ஒருத்தர் (பேரெல்லாம் வேணாம், பெயிண்ட் கடை வச்சிருக்காரு) போன வருஷம் ஒரு 19ம் தேதி என்ன பண்ணாருன்னு கேளுங்க. காலைல 10:12க்கு 'ஹாய் மேடம்'. 10:13க்கு நான் 'சொல்லுங்க சார்'. அதோட சரி. சாயங்காலம் 6:40க்கு 'பிஸியா மேடம்'. நான் மறுபடி 'சொல்லுங்க சார்'. ராத்திரி 10:55க்கு வரிசையா 34 பில் ஃபோட்டோ. பாதி ஃபோட்டோல அவரு கட்டைவிரல், ஒண்ணுல டீ கிளாஸோட வட்டம், வேற ஒண்ணுல பில்லே இல்ல, அவரு வீட்டு மொசைக் தரை மட்டும் தெளிவா விழுந்திருக்கு.

இதையே காலைலயே ஒரே மெசேஜா, "மேடம், இந்த மாச பர்ச்சேஸ் பில் 34 இருக்கு, ஸ்கேன் பண்ணி மத்தியானத்துக்குள்ள அனுப்பறேன், போதுமா"ன்னு போட்டிருந்தா நானும் ஒரே வார்த்தைல முடிச்சிருப்பேன், ரெண்டு பேரும் நிம்மதியா தூங்கியிருப்போம். வணக்கம் சொல்றதுல தப்பில்ல, வணக்கத்தோட விஷயத்தையும் சேத்தே சொல்லிடுங்கன்னுதான் சொல்றேன்.

கே: வாய்ஸ் நோட்டு?

யாரு யாருக்கு அனுப்பறாங்கங்கறத பொறுத்தது. எங்கம்மாவுக்கு டைப் பண்ண வராது, அவங்க வாய்ஸ் நோட்டு மட்டும்தான் அனுப்புவாங்க, பின்னாடி குக்கர் விசிலு, எதிர்வீட்டு நாய், எல்லாம் சேந்து கேக்கும், ஒண்ணக்கூட நான் அழிச்சதில்ல. ஆனா ஜிஎஸ்டி நம்பர வாய்ஸ் நோட்டுல சொல்றவங்கள என்ன செய்யறது? அது 15 எழுத்து, தமிழ்நாடுன்னா 33ல ஆரம்பிக்கும், நடுவுல பான் நம்பரு. அவரு 'பி'ன்னு சொல்றாரா 'டி'ன்னு சொல்றாரான்னு பஸ் ஹார்னுக்கு நடுவுல ஏழு வாட்டி கேட்டுருக்கேன். 2021லேருந்து ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டற வசதி இருக்குதான், ஆனா நம்பர ரெண்டு மடங்கு வேகத்துல கேட்டு என்ன ஆகப்போகுது. நம்பரு, அட்ரஸு, தேதி இதெல்லாம் எழுத்துல. கதை, பொலம்பல், ஊர் வம்பு இதெல்லாம் வாய்ஸ்ல, அதுவும் இயர்ஃபோன் இருக்கற ஆளுக்கு.

கே: ப்ளூ டிக் விழுந்தும் பதில் வரலன்னா கோவப்படலாமா?

வேணாம். அது 2014ல வந்தப்பலேருந்து எத்தன ஜோடி சண்டை போட்டுச்சோ தெரியல. படிச்சாங்கன்னா படிச்சாங்க, அவ்ளோதான். நான் ஆஃப் பண்ணி வச்சிருக்கேன், அப்படி வச்சா மத்தவங்க படிச்சாங்களான்னு நமக்கும் தெரியாது, அதுவே பெரிய நிம்மதி.

கே: ஃபேமிலி குரூப்ல குட் மார்னிங் படம் போடறவங்கள எப்படி நிறுத்தறது?

எதுக்கு நிறுத்தணும்? மியூட் பண்ணுங்க, எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்பவுமேன்னு மூணு விதமா இருக்கு. எங்க பெரியப்பா டெய்லி விடிகாலைல ஒரு சாமி படம் போடுவாரு, செவ்வாய்க்கிழமைன்னா முருகன், வெள்ளின்னா அம்மன், சனிக்கிழமை பெருமாள். ஆபீஸ் வேலைல எனக்கு தேதி மட்டும்தான் ஞாபகம் இருக்கும், கிழமைய பெரியப்பா பாத்துக்கறாரு, பிரதோஷம் என்னிக்குன்னும் அவருதான் சொல்லணும். எனக்கு கடுப்பாகறது, "தயவுசெஞ்சு இந்த குரூப்ல குட் மார்னிங் போடாதீங்க"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சு, அதுக்கு மாமா ஒரு பதில், அத்தை ஒரு பதில், நாப்பது மெசேஜ் ஆகி, ரெண்டு பேரு வெளியேறி, அவங்கள சமாதானப்படுத்த வேற ஒரு குரூப் தொடங்கறாங்க பாருங்க, அதுதான்.

கே: பெரியவங்க தப்பான ஃபார்வர்டு அனுப்பினா எப்படிக்கா சொல்றது?

ரெட்டை அம்புக்குறி போட்டு வந்துச்சுன்னா அது பல கை மாறி வந்த சரக்குன்னு அர்த்தம். அந்த மாதிரி மெசேஜ 2020 ஏப்ரல்லேருந்து ஒரு நேரத்துல ஒரே ஒரு ஆளுக்கோ குரூப்புக்கோதான் தள்ளிவிட முடியும், கொரோனா டைம்ல புரளி தாங்க முடியாம போட்ட கட்டுப்பாடு. சரி, பெரியப்பா விஷயத்துக்கு வர்றேன். ஒருவாட்டி ஏதோ மூலிகை தண்ணி குடிச்சா சர்க்கரை வியாதியே போயிடும், மாத்திரைய நிறுத்திடலாம்னு ஒண்ணு போட்டாரு. அத்தை பையன் டாக்டருக்கு படிக்கறவன், குரூப்லயே நாலு பாயிண்ட் போட்டு கிழிச்சுட்டான். அவன் சொன்னது அத்தனையும் சரி. ஆனா பெரியப்பா என்ன பண்ணாரு, பிடிவாதமா அதே மாதிரி இன்னும் மூணு போட்டாரு. நாப்பது பேரு முன்னாடி வச்சு சொன்னா யாருமே ஒத்துக்க மாட்டாங்க, நானே ஒத்துக்க மாட்டேன்.

அடுத்த தடவ நான் தனியா கூப்பிட்டேன், முதல்ல முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டு, அப்புறம் "பெரியப்பா, அந்த மெசேஜ நம்ம அத்தை நம்பி மாத்திரைய நிறுத்திட்டாங்கன்னா என்ன பண்றது"ன்னேன். ஃபோன வச்ச கையோட அவரே டெலீட் பண்ணிட்டாரு. ரெண்டு நாளைக்கு மேலயும் எல்லாருக்கும் சேத்து அழிக்கலாம், அதனால அவசரப்பட்டு குரூப்ல சாமி ஆடாதீங்க, டைம் இருக்கு.

கே: சாவு செய்திக்கு என்ன போடறது?

கட்டைவிரல் போடாதீங்க. சத்தியமா போட்டிருக்காங்க. ஒரு வரி சொந்தமா எழுத வரலன்னா ஃபோன் பண்ணுங்க, ஃபோனும் பண்ண முடியலன்னா சும்மா இருந்துட்டு பதினாறாம் நாளுக்கு நேர்ல போங்க.

கே: ட்ரெயின்ல ஸ்பீக்கர்ல பாட்டு போடறவங்கள நீ ஏதாச்சும் சொல்வியா?

சொல்வேன், ஆனா பாட்ட பத்தி குறை சொல்ல மாட்டேன். "அக்கா சவுண்ட கொஞ்சம் கம்மி பண்ணிக்கறீங்களா, ஃபோன் பேசணும்"னு கேப்பேன், பேச ஆளே இல்லன்னாலும். லேடீஸ் கோச்சுல காலைல பூக்கட்டிகிட்டு வர்றவங்க இருப்பாங்க, அவங்க ஃபோன்ல மெதுவா பழைய பாட்டு ஓடும், அது எனக்கு பிடிக்கும், அத நிறுத்த சொல்ல மாட்டேன், இது பாரபட்சம்தான் தெரியும். தாங்க முடியாதது ரீல்ஸ். பதினஞ்சு செகண்டுக்கு ஒரு பாட்டு, எதுவுமே பல்லவிய தாண்டாது, பல்லாவரத்துலேருந்து கிண்டி வரைக்கும் முப்பது பாட்டோட தலைய மட்டும் கேட்டா மண்டை என்னத்துக்கு ஆகும்.

கே: ராஜாவா ரகுமானா?

இந்த கேள்விய கேக்கறவங்க யாருக்கும் பதில் வேணாம், சண்டைதான் வேணும். ஒருத்தர் 1976ல வந்தாரு, இன்னொருத்தர் 1992ல. ரகுமான் சின்ன வயசுல ராஜா குழுவுல கீபோர்டு வாசிச்சவரு. ராஜா 81 வயசுல, 2025 மார்ச்சுல, லண்டன்ல போய் சிம்பொனி அரங்கேத்தினாரு. ரகுமான் 2009ல ஒரே ராத்திரில ரெண்டு ஆஸ்கர் வாங்கினாரு. ரெண்டு பேரும் அவங்கவங்க வேலைய பாக்கறாங்க, நடுவுல நாமதான் கமெண்ட்ல ஒருத்தன் அம்மாவ இன்னொருத்தன் இழுக்கறோம். என்னை கேட்டா மழை பெய்யும்போது ராஜா, ராத்திரி ஈசிஆர்ல போகும்போது ரகுமான், கல்யாண வீட்டுல ஆடணும்னா தேவா. தேவாவ விட்டுட்டு இந்த பட்டிமன்றம் நடத்தறவங்கள நான் ரசிகரா சேக்கறதில்ல.

கே: வேலை பாக்கும்போது என்ன கேப்ப?

நாதஸ்வரம். சிரிக்காதீங்க. வார்த்தை இருந்தா கணக்கு தப்பும், எனக்கு நாதஸ்வரம்தான் சரிப்படும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையோட தோடி ராகம், அவரு சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் வாசிச்சது, ரெண்டையும் போட்டுட்டு உக்காந்தா ஒரு கம்பெனியோட மொத்த பேங்க் ஸ்டேட்மெண்ட்டையும் சரி பாத்துடுவேன்.

கே: கர்நாடக சங்கீதம் ஒண்ணும் தெரியாது, மார்கழில சபாவுக்கு வரலாமா?

தாராளமா வாங்க. சென்னைல டிசம்பர் மாசம் நிறைய சபால மத்தியான கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது, வளர்ந்து வர்ற பசங்க பாடுவாங்க, பாதி சீட்டு காலியா இருக்கும், ஏசி உண்டு, கேண்டீன்ல கீரை வடை உண்டு. ராகம் தெரியணும்னு அவசியமில்ல. பக்கத்து சீட்டு மாமா "இது கரகரப்ரியா"ன்னு தானே சொல்வாரு, கேக்காமயே சொல்வாரு.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்காக பண்ணுங்க. தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்ச உடனே எழுந்து போகாதீங்க. கச்சேரில முக்கியமான உருப்படி பாடி முடிக்கற இடத்துல பாடறவங்க தாளம் மட்டும் போட்டுகிட்டு வழி விடுவாங்க, மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ அதுவும் மட்டும் வாசிக்கும். அந்த ரெண்டரை மணி நேரத்துல அவங்களுக்குன்னு இருக்கறது அந்த பதினஞ்சு நிமிஷம்தான். அப்ப பாத்து ஹால்ல பாதி பேரு காபிக்கு கெளம்புவாங்க, சேரு டப்பு டப்புன்னு மடங்கும், கதவு கிரீச்சுன்னும்.

நான் இந்த பக்கம் உள்ள ஆளு, அதனால சொல்றேன். கச்சேரிக்கு முன்னாடி சித்தப்பா ஒரு சின்ன டப்பாவ திறந்து ரவைய தண்ணி விட்டு பெசைஞ்சு, மிருதங்கத்தோட இடது பக்கத் தோலு, தொப்பின்னு சொல்வாங்க, அது நடுவுல அப்புவாரு, ஒரு தட்டு தட்டி காத குடுத்து கேப்பாரு, கொஞ்சம் கிள்ளி எடுப்பாரு, மறுபடி தட்டுவாரு. அந்த ரவை இல்லன்னா அந்த அடி சத்தம் வராது. முடிஞ்சதும் அத சுரண்டி எடுக்கணும். பலா மரத்துல செஞ்ச வாத்தியம், தூக்கிகிட்டு பஸ்ல போறதுக்குள்ள தோள் போயிடும். கணக்கெல்லாம் போட்டு வச்சு, மோரா, கோர்வைன்னு முடிக்கறதுக்குன்னே இருக்கற கட்டுங்கள வாசிச்சு, மூணாவது வாட்டி சரியா சமத்துக்கு, அதாவது தாளம் ஆரம்பிக்கற தட்டுக்கு, வந்து விழும்போது முன்வரிசைல நாலு பேருதான் இருக்காங்கன்னா அவரு என்ன செய்வாரு? ஒண்ணும் செய்ய மாட்டாரு, துண்டால முகத்த தொடச்சுக்குவாரு. பாக்கற எனக்குத்தான் பத்திகிட்டு வரும்.

கே: மேட்ச் நடக்கும்போது குரூப்ல ஸ்கோர் போடக்கூடாதுன்னு ஏன் கத்தற?

ஏன்னா எல்லாருக்கும் ஒரே நேரத்துல பந்து விழறதில்ல. கேபிள்ல பாக்கறவங்களுக்கு முன்னாடி, ஃபோன் ஆப்ல பாக்கறவங்களுக்கு பின்னாடி, நெட்டு சரியில்லன்னா அரை நிமிஷம் கூட பின்னாடி ஓடும். 2023 ஐபிஎல் ஃபைனல் ஞாபகம் இருக்கா, அகமதாபாத்ல மழை, ஒரு நாள் தள்ளிப்போய் மே 29 ராத்திரி ஆரம்பிச்சு, மறுபடி மழை, 15 ஓவர்ல 171னு மாத்தி, நள்ளிரவும் தாண்டிருச்சு. கடைசி ரெண்டு பந்துல 10 ரன்னு. நான் ரூம்ல ஃபோன்ல பாக்கறேன், கீழ்வீட்டுல பெரிய டிவி. என் ஃபோன்ல மோகித் சர்மா இன்னும் பந்த துணில தொடச்சுகிட்டு நிக்கறாரு, கீழ ஒரு அலறல். சரி, சிக்ஸு. ஃபோன்ல ஜடேஜா சிக்ஸ் அடிக்கறத பாத்து முடிக்கறதுக்குள்ள கீழ மறுபடி அலறல், பாத்திரம் உருள்ற சத்தம், அந்த வீட்டு தாத்தா இருமிகிட்டே கத்தறாரு. சிஎஸ்கே அஞ்சாவது கப்பு ஜெயிச்ச அந்த ஃபோர கண்ணால பாக்கறதுக்கு முன்னாடி காதால கேட்ட ஆளு நான். கீழ்வீட்டுக்காரங்கள ஒண்ணும் சொல்ல முடியாது, அவங்க வீட்டுல அவங்க கத்தறாங்க. ஆனா குரூப்ல 'அவுட்டு'ன்னு டைப் பண்றவன் யோசிக்கலாம்ல. மேட்ச் பேச தனி குரூப் வச்சுக்குங்க, இல்லன்னா ஓவர் முடியட்டும்.

கே: சிஎஸ்கே தோத்தா கலாய்க்கலாமா?

கலாய்ங்க. 2025ல பத்து டீம்ல பத்தாவதா முடிச்சோம், அதுவரைக்கும் கடைசி இடம் பாத்ததே இல்ல, வாழ்நாள் கலாய்ப்ப ஒரே சீசன்ல வாங்கிட்டோம். அத வாங்கத் தெரியலன்னா விசில் ஊதக்கூடாது. நான் சொல்ற கோடு வேற. 2022 ஆசியக் கோப்பைல பாகிஸ்தானோட மேட்ச்ல அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்ச் விட்டாரு, அதுக்கு அவரு மதத்த வச்சு திட்டி, விக்கிப்பீடியால அவரு பக்கத்த மாத்தி எழுதிட்டாங்க. அடுத்த மாசமே மெல்போர்ன்ல உலகக் கோப்பைல பாபர் ஆசமை முதல் பந்துலயே எல்பி எடுத்தாரு, திட்டின அதே ஆளுங்க 'தலைவா'ன்னு வந்து நின்னாங்க. ஷாட்ட திட்டுங்க, ஃபீல்டிங் செட்டிங்க திட்டுங்க. பிளேயரோட பொண்டாட்டி, புள்ள இன்ஸ்டா பக்கத்துல போய் திட்டறவன் ரசிகன் கணக்குல வரமாட்டான்.

கே: சேப்பாக்கம் ரசிகர்கள் ரொம்ப டீசன்ட்டுன்னு சொல்றதெல்லாம் உண்மையா, நம்ம பெருமையா?

ரெண்டும். 1999 ஜனவரில இங்க பாகிஸ்தானோட ஆடின டெஸ்ட்ட அப்பா வருஷத்துக்கு நாலு வாட்டியாச்சும் சொல்வாரு. 271 அடிக்கணும், சச்சின் முதுகுவலியோட 136, அவரு அவுட் ஆகும்போது இன்னும் 17 ரன்தான் வேணும், மூணு விக்கெட் கையில இருக்கு, நாலே ரன்ல எல்லாம் காலி, 12 ரன்ல தோல்வி. சக்லைன் முஷ்டாக் சுத்தி விட்டுட்டாரு. கொஞ்ச நேரம் ஸ்டேடியமே எழவு வீடு மாதிரி இருந்துச்சாம், அப்புறம் ஒவ்வொருத்தரா எழுந்து கைதட்ட ஆரம்பிச்சு, பாகிஸ்தான் டீம் மைதானத்த சுத்தி ஓடி வந்துச்சு. இந்த இடத்துல அப்பாவுக்கு இன்னமும் குரல் மாறும். ஆனா அதே அப்பா அம்பயர திட்டறத கேட்டா நீங்க இந்த கேள்விய கேக்கவே மாட்டீங்க.

கே: கிரிக்கெட்ட விட்டா வேற ஒண்ணும் பாக்க மாட்டியா?

செஸ் பாப்பேன், புரியறது பாதிதான். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர்ல குகேஷ் 14வது கேம்ல டிங் லிரனை ஜெயிச்சு 18 வயசுல உலக சாம்பியன் ஆனதை ஆபீஸ்ல எக்செல் ஷீட்டுக்கு பின்னாடி ஒளிச்சு வச்சு பாத்தேன். டிங் யானைய தப்பா நகத்தினதும் நம்ம பையன் தண்ணி பாட்டில எடுத்து குடிச்சுட்டு முகத்த மூடிகிட்டான். ஜெயிச்சு முடிச்சதும் அழுதுகிட்டே உக்காந்து காயெல்லாம் எடுத்து அதனதன் கட்டத்துல திருப்பி அடுக்கி வச்சான் பாருங்க. சாப்ட்ட தட்ட கழுவி வச்சுட்டு போற புள்ள மாதிரி. அத பாத்துதான் எனக்கு கண்ணு கலங்கிச்சு, எல்லாரும் கோப்பைய பாத்துட்டு இருந்தாங்க.

கே: இவ்ளோ பேசறியே, நீ ஒழுங்கா இருக்கியா?

இல்ல. அந்த கதையையும் சொல்லிடறேன், இல்லன்னா எங்க ரூம்மேட் வந்து சொல்லிடுவா. ஒரு டிசம்பர் 20, சித்தப்பாவுக்கு மத்தியான கச்சேரி, நான் அரை நாள் லீவு போட்டுட்டு மூணாவது வரிசைல உக்காந்திருக்கேன். 3பி கடைசி நாளுங்கறதால ஃபோன முழுசா அணைக்க மனசில்ல, சைலண்ட்ல போட்டேன்னு நெனச்சுகிட்டு பைக்குள்ள வச்சுட்டேன். தனி ஆரம்பிச்சு கீழ்க்காலத்துல மெதுவா போகுது, ஹால் அப்படியே அமைதி, அன்னிக்குன்னு பாத்து ஒருத்தரும் எழுந்து போகல. என் ஃபோனு அடிக்குது. ரிங்டோன் விசில் சத்தம், அதுவும் ஸ்டேடியத்துல அடிக்கற விசிலு. பைக்குள்ள டிஃபன் டப்பா, குடை, துப்பட்டா எல்லாத்தையும் தாண்டி அத கண்டுபிடிச்சு அமுக்கறதுக்குள்ள நாலு தடவ அடிச்சிருச்சு. பாத்தா பெயிண்ட் கடை சார். ஆபீஸ்ல வேற பொண்ணு ஃபைல் பண்ணிகிட்டிருந்தா, ஓடிபி அவரு ஃபோனுக்குதான் போகும், அத அவகிட்ட சொல்லாம என்னை கூப்பிட்டிருக்காரு.

சித்தப்பா வாசிச்சுகிட்டே ஒரு தடவ நிமிந்து பாத்தாரு. அவ்ளோதான். கச்சேரி முடிஞ்சு கேண்டீன்ல எதிர்ல வந்து உக்காந்தாரு, விரல்ல ரவை இன்னும் ஒட்டிகிட்டிருந்துச்சு, எனக்கு நிமிந்து பாக்க முடியல. கீரை வடைய ரெண்டா பிச்சு ஒரு பாதிய என் தட்டுல வச்சுட்டு கேட்டாரு: "ஓடிபி வந்துச்சாடி?"